மோட்டார்ச் சைக்கிளின் காபுரேற்றரிற் பெற்றோற் கசிவு: காரணமும் திருத்தமும்

அச்சுவேலி, பத்தமேனி, இடைக்காடு, நவக்கிரி ஆகிய ஊர்களின் தோட்டங்களில் விளையும் வெங்காயம், மிளகாய், கத்தரி, கோவா, பீற்றூட் முதலியன பெரும்பாலும் விடியுமுன்னரே சந்தைக்குச் சென்றடைதல் வேண்டும். ஒரு காலத்தில் மாட்டுவண்டியும், பின்னர் சைக்கிளும் செய்த இவ்வேலையை இன்று மோட்டார்ச் சைக்கிள் செய்து வருகின்றது. மாரியில் வயலுக்கு விதைநெல்லும் உரமும் கொண்டுசெல்வதும், கோடையில் நீரிறைக்கும் இயந்திரத்துக்கு மண்ணெண்ணெய் கொண்டுவருவதும் இதுவே. ஆதலின் மண்வெட்டியைப் போலவும் கலப்பையைப் போலவும் மோட்டார்ச் சைக்கிளையும் கமக்காரரின் கருவிகளுள் ஒன்றாகக் கொள்ளல் தகும்.

இலங்கையில் 2020 ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களை இறக்குமதி செய்வதற்கு 2025 ஆம் ஆண்டிலேயே மீண்டும் அனுமதி கிடைத்தது. இவ்விடைக்காலத்தில் இருந்த வண்டிகளையே திருத்தித் திருத்தி ஓடவேண்டியதாயிற்று. கமக்காரரிடம் உள்ள வண்டிகளிற் பல பத்து, இருபது ஆண்டு கடந்தவை; அவையாவும் காபுரேற்றர் உடையவை. அவற்றில் அடிக்கடி தோன்றுவதும், அடிக்கடி அலட்சியஞ் செய்யப்படுவதுமான பழுது பெற்றோற் கசிவாகும்.

"ஒரு துளிதானே" என்று விடுவோர் கீழ்வரும் கணக்கைப் பார்த்தல் நன்று. பெற்றோற்றுளி நீர்த்துளியினுஞ் சிறியது. ஒரு மில்லிலீற்றரில் 40 முதல் 50 துளி வரை அடங்குமெனக் கொள்ளலாம். வினாடிக்கு ஒரு துளி வீதம் விழுமாயின் ஒரு மணி நேரத்தில் 72 முதல் 90 மில்லிலீற்றர் வரை வீணாகும். இரவு 7 மணிக்கு நிறுத்திய வண்டியைக் காலை 4 மணிக்கு எடுக்கும்போது ஏறத்தாழ முக்கால் லீற்றர் பெற்றோல் போய்விட்டிருக்கும். சந்தைக்குப் போய் மீள்வதற்கு வேண்டிய பெற்றோலே அதுவாகலாம்.

எனினும் பணநட்டம் இவற்றுட் சிறியது. பெற்றோலின் ஆவி காற்றினும் மூன்று நான்கு மடங்கு பாரமானது. அது மேலெழுந்து கலைந்து போகாமல் நிலத்தை ஒட்டிப் படர்ந்து, பள்ளமான இடத்திலே தேங்கி நிற்கும். விறாந்தையில் நிறுத்திய வண்டியிலிருந்து கசியும் ஆவி, கதவிடுக்கின் வழியாகக் குசினி அடுப்பை அடைதல் கூடும். வைக்கோலும் புகையிலையும் சாக்குகளும் குவிந்துள்ள கொட்டிலில் வண்டியை நிறுத்துவோர் இதனை நன்கு மனங்கொள்ள வேண்டும். தீ பிடித்த பின்னர் நீரை ஊற்றுதல் பயன் தராது. பெற்றோல் நீரின்மேல் மிதந்து, எரிந்துகொண்டே பரவும். மணலும், நனைத்துப் பிழிந்த சாக்கும் அவ்வேளையில் உதவுவன. கசிவுள்ள வண்டியின் அருகே ஒரு வாளி மணல் வைத்திருத்தல் செலவற்ற காப்பாகும்.

காபுரேற்றர் வேலை செய்யும் முறை

காற்றையும் பெற்றோலையும் தக்க அளவிற் கலந்து எஞ்சினுக்கு அனுப்புவதே காபுரேற்றரின் தொழில். மிதவையும் தெளிகுழாயும் உள்ள காபுரேற்றருக்கு ஹங்கேரி நாட்டில் பாங்கி, சொங்கா என்னும் இருவர் 1893 ஆம் ஆண்டிலே காப்புரிமை பெற்றனர். அதன் பின்னர் உருவமும் அளவும் மாறினவேயன்றி அடிப்படை மாறவில்லை.

கசிவை விளங்கிக்கொள்வதற்குக் காபுரேற்றரின் அடிப்பாகத்தை மட்டும் அறிந்தாற் போதும். அங்கு ஒரு சிறு கிண்ணம் உண்டு. தாங்கியிலிருந்து வரும் பெற்றோல் இக்கிண்ணத்தில் எப்பொழுதும் ஒரே மட்டத்தில் நிற்றல் வேண்டும். தோட்டத்தில் நீர் பாய்ச்சும்போது பாத்தி நிறைந்ததும் ஒருவர் மண்வெட்டியால் மடையைக் கட்டி நீரை மறிப்பார். பாத்தி வற்றினால் மீண்டும் திறந்துவிடுவார். கிண்ணத்தினுள்ளே இவ்வேலையைச் செய்வது மிதவை. பெற்றோல் உயரும்போது மிதவையும் உயர்ந்து, தன்னோடு பொருந்திய ஊசியை மேலே தள்ளும். ஊசியின் கூரிய முனை, பெற்றோல் வரும் துவாரத்தின் இருக்கையில் அமர்ந்து வழியை அடைக்கும். எஞ்சின் பெற்றோலை உறிஞ்ச மட்டம் தாழும், மிதவையும் ஊசியும் இறங்கும், வழி திறக்கும்.

மடை சரியாகக் கட்டப்படாவிடின் பாத்தி நிரம்பி வரம்பு மேவும். அதுபோல ஊசி வழியை அடைக்கத் தவறின் கிண்ணம் நிரம்பிவிடும். மிகுதியான பெற்றோலை வெளியே விடுவதற்கென்றே பல காபுரேற்றர்களில் ஒரு வழிந்தோடு குழாய் வைக்கப்பட்டுள்ளது. அதன் நுனி எஞ்சினுக்குக் கீழே தொங்கிக்கொண்டிருக்கும். பெரும்பாலோர் "கசிகிறது" என்று சொல்வது இக்குழாயின் வழியே வரும் பெற்றோலையேயாகும்.

இரணைமடுக் குளம் நிரம்பி வான் பாயும்போது வான் பழுதாயிற்று என்று எவரும் எண்ணுவதில்லை. வழிந்தோடு குழாயும் அத்தகையதே. பழுது அங்கு இல்லை. மேலே உள்ள ஊசியிலோ, மிதவையிலோ உள்ளது. இதனை அறியாது அக்குழாயின் நுனியில் ஆணியை அடித்தும், குச்சியைச் செருகியும், குழாயை மடித்துக் கம்பியாற் கட்டியும் விடுகின்றனர். அங்ஙனஞ் செய்யின் துளி நின்றுவிடும், கசிவு நிற்காது. வெளியே செல்ல வழியற்ற பெற்றோல் காபுரேற்றரின் தொண்டை வழியாக எஞ்சினுள் இறங்கி, சிலிண்டரை நனைத்து, பிஸ்டன் வளையங்களைக் கடந்து கீழேயுள்ள எண்ணெயோடு கலந்துவிடும். நீர்த்த எண்ணெய் தேய்வைத் தடுக்க வல்லதன்று. ஒரு வாசர் பெறுமதியான பழுது எஞ்சின் முழுவதையும் கழற்றும் பழுதாக மாறுவது இவ்வாறே.

கசியும் இடத்தைக் கண்டறிதல்

முதலில் தாங்கியின் கீழுள்ள திறப்பை மூடி, வண்டியை வெளியே, காற்றோட்டமுள்ள நிழலில், நடுத் தாங்கியில் நேராக நிறுத்துக. எஞ்சின் முற்றாக ஆறியிருத்தல் வேண்டும். குப்பி விளக்கு, லாந்தர், சுருட்டு, பீடி ஆகியன அவ்விடத்தை அணுகலாகாது. இரவில் ஐயம் தோன்றினால் திறப்பை மூடிவிட்டு விடியும்வரை பொறுத்தலே தக்கது.

பின்னர் காபுரேற்றரையும் குழாய்களையும் பழைய துணியால் நன்றாகத் துடைத்து உலரவிட்டு, வெளிப்புறத்தில் வெண்கட்டித் தூளை மெல்லியதாகத் தூவுக. திருநீறும் இதற்கு உதவும். ஆயின் காற்று உட்செல்லும் வாய்ப்பக்கம் தூள் போகாதவாறு பார்த்துக்கொள்ளல் வேண்டும். இனித் திறப்பைத் திறந்து சில நிமிடங் காத்திருப்பின், பெற்றோல் முதலில் எங்கே தோன்றுகின்றதோ அங்கே தூள் நனைந்து நிறம் மாறும். பெற்றோல் மேலிருந்து கீழே ஒழுகுவது. ஆதலின் நனைந்த இடங்களுள் மிக உயரமானதே கசிவின் தொடக்கம். கிண்ணத்தின் அடியிலே துளி தொங்குவதைக் கண்டு கிண்ணத்தைக் கழற்றியவர், இறுதியில் மேலேயுள்ள இறப்பர்க் குழாயில் வெடிப்பைக் காண்பது அரிதன்று.

குழாயும் திறப்பும்

இறப்பர்க் குழாய் வெயிலிலும் எஞ்சின் சூட்டிலும் நாளடைவில் இறுகி, இரு நுனிகளிலும் வெடிக்கும். நுனியில் மட்டும் வெடிப்பிருந்து குழாய்க்கு நீளமும் போதுமாயின், அந்நுனியை வெட்டி நீக்கி மீண்டும் பொருத்தலாம். எனினும் ஒரு நுனி இறுகிய குழாயின் மறுநுனியும் விரைவில் இறுகுமாதலால் புதியதை மாற்றுவதே மேல். வைத்தியசாலையிற் பயன்படும் சேலைன் குழாயைச் சிலர் இதற்குப் பொருத்துகின்றனர். அது ஒளி ஊடுருவுவதால் பெற்றோல் வருவதைக் காணலாமென்பது உண்மையே. ஆயினும் பெற்றோல் பட்டுச் சில வாரங்களிலே மஞ்சளித்து, விறைத்து, சுருங்கி நழுவிவிடும். அவசரத்துக்கு அன்றி அதனைப் பயன்படுத்தலாகாது. பெற்றோலுக்கெனச் செய்யப்பட்ட குழாயை வாங்கி, இருபுறமும் கம்பிப் பிடியிட்டு இறுக்குதல் வேண்டும்.

திறப்பின் கைப்பிடியைச் சுற்றி ஈரங் காணப்படின் அதனுள்ளே இருக்கும் இறப்பர் வாசர் தேய்ந்திருக்கும். இரு சிறு திருகாணிகளைக் கழற்றி இதனை மாற்றலாம். அதற்கு முன்னர் தாங்கியை வெறுமையாக்கல் வேண்டும். தாங்கியின் பொருத்துவாயிலே கசிவு தோன்றி வழியில் அகப்பட்டுக்கொண்டால், உலர்ந்த சவர்க்காரக் கட்டியை அவ்விடத்தில் அழுத்தித் தேய்த்துவிடலாம். சவர்க்காரம் பெற்றோலிற் கரையாததால் கசிவு சிறிது நேரம் அடங்கும். வீடு வந்து சேரும்வரை அது போதும்.

கழற்றாமலே செய்யத்தக்க பரிகாரம்

வழிந்தோடு குழாயிலிருந்து பெற்றோல் வருமாயின், காபுரேற்றரைக் கழற்றுவதற்கு முன்னர் செய்யவேண்டியது ஒன்றுண்டு. மிகப் பெரும்பாலான கசிவுகளுக்குக் காரணம் ஊசிக்கும் இருக்கைக்கும் இடையே அகப்பட்ட ஒரு தூசியே. தாங்கியின் துரு, செம்மண் தூசி, பழைய குழாயிலிருந்து உதிர்ந்த இறப்பர்த்துகள் ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று மணலளவு இருந்தாலே ஊசி அமர மாட்டாது.

திறப்பை மூடி, கிண்ணத்தின் அடியிலுள்ள வடிகால் திருகாணியின் கீழ் ஒரு கண்ணாடிப் போத்தலைப் பிடித்துத் திருகாணியைத் தளர்த்துக. வெளிவரும் பெற்றோலைச் சிறிது நேரம் அசையாமல் வைத்துப் பார்த்தல் வேண்டும். அடியிலே பளிங்கு மணி போல உருண்டு திரள்வது நீர். செந்நிறமாகப் படிவது துரு. கருமையான துணுக்கு இறப்பர். இந்தப் போத்தல் சொல்வதைக் கேட்காமல் ஊசியை மட்டும் மாற்றுவோருக்கு அடுத்த மாதமும் இதே வேலை காத்திருக்கும். துரு வந்தாற் தாங்கியைக் கழுவவேண்டும், துணுக்கு வந்தாற் குழாயை மாற்றவேண்டும்.

வடிகால் திறந்திருக்கும்போதே தாங்கியின் திறப்பை ஐந்தாறு வினாடி திறந்துவிடுக. விரைந்து ஓடும் பெற்றோல் தூசியை அடித்துச் செல்லும். பின்னர் வடிகாலை மூடி, திருப்புளியின் மரப்பிடியாற் கிண்ணத்தின் பக்கத்தில் மெதுவாக இரண்டு மூன்று தட்டுத் தட்டுக. சிக்கிய மிதவை இதனால் விடுபடும். பலமுறை கசிவு இவ்வளவிலே நின்றுவிடுவதுண்டு. வடிகால் திருகாணியை மிகையாக இறுக்கலாகாது. காபுரேற்றரின் உடல் மென்மையான உலோகக் கலவையால் வார்க்கப்பட்டது. புரி அழிந்தால் திருகாணி நிற்காது.

கசிவு நிற்காவிடின் மட்டம் சரிதானா என்பதைக் கழற்றாமலே அறியலாம். கொத்தர் சுவர் கட்டும்போது நீர் நிரப்பிய தெளிந்த குழாயினால் மட்டம் பார்ப்பது எவரும் கண்டது. அதுபோல் ஒரு தெளிந்த குழாயை வடிகாலின் வாயிற் செருகி, மறுநுனியைக் கிண்ணத்தின் பக்கமாக மேலே உயர்த்திப் பிடித்து, வடிகால் திருகாணியைத் தளர்த்துக. குழாயினுள் பெற்றோல் எவ்வுயரத்தில் நிற்குமோ அதுவே கிண்ணத்தின் மட்டம். அது கிண்ணமும் உடலும் பொருந்தும் கோட்டுக்குச் சற்றுக் கீழே அசையாது நிற்குமாயின் ஊசியும் மிதவையும் நன்றாக உள்ளன. கசிவுக்குக் காரணம் கஸ்கற்றோ, கிண்ணத்தினுள் நிற்கும் வழிந்தோடு குழாயின் வெடிப்போ ஆகும். மட்டம் மெல்ல மெல்ல ஏறிக்கொண்டே போகுமாயின் ஊசி அடைக்கவில்லை என்பது உறுதி.

கழற்றித் திருத்துதல்

கிண்ணத்தைக் கழற்றும்போது திருகாணிகளுக்கு அளவான திருப்புளியையே பயன்படுத்துக. கழற்றிய உறுப்புகளை வெள்ளைத் துணியின்மீது கழற்றிய ஒழுங்கிலே வைத்தால் மீளப் பொருத்தும்போது தடுமாற்றம் இராது. மிதவையைத் தாங்கும் சிறு அச்சாணியை மெதுவாகத் தள்ளி எடுத்ததும் மிதவையும் ஊசியும் ஒருங்கே வெளிவரும். ஊசி மிகச் சிறியது. மண் நிலத்தில் விழுந்தாற் தேடி எடுத்தல் அரிது.

ஊசியின் கூர்ப்பக்கத்தை வெளிச்சத்திற் பார்க்க. சுற்றிலும் வளையம் போன்ற தடம் நகத்துக்குத் தட்டுப்படுமாயின் அது தேய்ந்துவிட்டது. மாற்றுதலன்றி வேறு வழியில்லை. அரத்தாலோ உப்புத்தாளாலோ தேய்த்து அதனைச் சரிப்படுத்த முயல்வது வீண். ஊசியின் பின்புறத்தில் சில வகைகளில் ஒரு சிறு வில்லுடன் கூடிய முளை இருக்கும். அது அழுத்தினால் உட்சென்று, விட்டவுடன் மீளவேண்டும். அது இறுகியிருப்பின் கரடுமுரடான ஒழுங்கைகளில் வண்டி குலுங்கும்போது ஊசியும் துள்ளிப் பெற்றோல் வழியும். நிறுத்தியபோது கசியாத வண்டி ஓடும்போது மட்டும் மணப்பதற்கு இது ஒரு காரணம்.

இருக்கையைப் பஞ்சு சுற்றிய குச்சியாற் துடைத்து, உலோகம் மினுக்கும் பசையைச் சிறிதளவு தொட்டு மெல்லச் சுழற்றி, பின்னர் பெற்றோலாற் கழுவுக. எஞ்சின் வால்வு அரைக்கும் கரடான பசையை இங்கே இடுதல் பெருந் தவறு. இருக்கை தனியுறுப்பாகத் திருகிப் பொருத்தப்பட்டிருப்பின் அதன் கீழுள்ள வாசரையும், இறப்பர் வளையத்தையும் பார்த்தல் வேண்டும். ஊசி புதிது, இருக்கை பளபளப்பு, ஆயினும் கசிவு நிற்கவில்லை என்று வருந்துவோர் பலர் இவ்வளையத்தைப் பாராதவரே.

மிதவையைக் காதருகே குலுக்கினால் உள்ளே பெற்றோல் அலம்பும் ஓசை கேட்டல் கூடாது. ஐயமிருப்பின் கொதிக்காத சுடுநீரில் அமிழ்த்திப் பார்க்க. துவாரம் இருந்தால் அதன் வழியாகக் குமிழி வரும். பித்தளை மிதவையாயின் உட்புகுந்த பெற்றோலை முற்றாக வெளியேற்றி உலர்த்திய பின்னரே ஈயம் பற்றவைத்தல் வேண்டும். பெற்றோல் ஆவி நிறைந்த மிதவையைச் சுடுவது வெடியைச் சுடுவதற்கு ஒப்பாகும். மேலும் ஈயத்தை அளவுக்கு மிஞ்சி வைப்பின் மிதவையின் பாரங் கூடி, அதனால் மட்டமும் கூடிவிடும். பிளாஸ்ரிக் மிதவையை ஒட்ட முயலாது புதியதை மாற்றுக.

மிதவையின் உயரத்தைச் சரிசெய்வதற்கு, ஊசியைத் தாங்கும் சிறு உலோக நாவை மயிரிழையளவு வளைப்பது வழக்கம். அது பிளாஸ்ரிக்காலானதாயின் வளைக்க இயலாது. அளவு வண்டிக்கு வண்டி வேறுபடுமாதலால் அவ்வண்டியின் கைந்நூலிற் கூறிய மில்லிமீற்றர் அளவையே பின்பற்றல் வேண்டும்.

இங்கு யாழ்ப்பாணத்துக்கே உரிய ஒரு செய்தியைக் கூறுதல் பொருந்தும். 1990 ஆம் ஆண்டின் பின்னர் குடாநாட்டுக்குப் பெற்றோல் கொண்டுவருதல் தடைசெய்யப்பட்டிருந்த காலத்தில், மோட்டார்ச் சைக்கிள்களும் மோட்டார்க் கார்களும் மண்ணெண்ணெயில் ஓடின. சில துளி பெற்றோலை விட்டு எஞ்சினை இயக்கி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டுவது அந்நாளின் வழக்கம். வேறெங்கும் காண அரிய இக்கைத்திறன் எத்தனையோ நோயாளரை வைத்தியசாலைக்கும், எத்தனையோ மூடை மரக்கறியைச் சந்தைக்கும் கொண்டுசேர்த்தது. ஆயினும் மண்ணெண்ணெய் பெற்றோலினும் அடர்த்தி கூடியது. பெற்றோலின் ஒப்படர்த்தி ஏறத்தாழ 0.74, மண்ணெண்ணெயினது ஏறத்தாழ 0.80. அடர்த்தி கூடிய திரவத்தில் மிதவை சற்று உயர்ந்து மிதக்குமாதலின் கிண்ணத்தின் மட்டம் சற்றுத் தாழ்ந்தே நிற்கும். இதனை ஈடுசெய்ய நா வளைக்கப்பட்ட பழைய காபுரேற்றர் ஒன்று இன்று பெற்றோலுக்குப் பயன்படுமாயின், மட்டம் மிகையாகி இடைவிடாது கசியும். அத்தகைய வண்டியில் எத்தனை புதிய ஊசி மாற்றினும் பலனில்லை. நாவைப் பழைய அளவுக்குக் கொண்டுவருதல் வேண்டும்.

கிண்ணத்தின் இறப்பர்க் கஸ்கற் பெற்றோலில் ஊறி விரிந்து, மீண்டும் தன் பள்ளத்தில் அடங்காமல் நிற்பதுண்டு. அதனை நறுக்கிக் குறைத்தல் கூடாது. ஒரு நாள் காற்றில் உலரவிட்டால் பலவேளைகளில் பழைய அளவுக்குச் சுருங்கும். சுருங்காவிடின் புதியது வாங்குக. சாதாரண சிலிக்கன் பசையைப் பூசி அடைப்பது இப்பொழுது பரவிவரும் ஒரு வழக்கம். அது பெற்றோலில் ஊதி, உதிர்ந்து, ஜெற்றின் நுண்துவாரத்தை அடைத்துவிடும். கசிவை நிறுத்தப் போய் வண்டியையே நிறுத்திய கதை அதுவாகும்.

மீளப் பொருத்துமுன் ஒரு சோதனை செய்க. காபுரேற்றரைத் தலைகீழாகப் பிடித்தால் மிதவை தன் பாரத்தால் ஊசியை அழுத்தி வழியை அடைக்கும். பெற்றோல் வரும் வாயிற் சுத்தமான குழாயைச் செருகி மெல்ல ஊதுக. காற்றுச் செல்லலாகாது. நிமிர்த்தி ஊதினாற் தடையின்றிச் செல்லவேண்டும். ஊதுதலேயன்றி உறிஞ்சுதல் கூடாது.

எஞ்சினுக்குள் பெற்றோல் இறங்கியிருப்பின்

இரவு முழுதும் கசிந்த வண்டியைக் காலையில் உடனே இயக்கலாகாது. எண்ணெய் அளவுகோலை எடுத்து முகர்ந்து பார்க்க. பெற்றோல் மணப்பினும், எண்ணெய் மட்டம் முன்னிலும் உயர்ந்திருப்பினும் அவ்வெண்ணெயை வடித்து நீக்கிப் புதியதை விடவேண்டும். உதைக்கும் கோல் இறங்க மறுத்தால் சிலிண்டர் பெற்றோலால் நிரம்பியிருக்கலாம். திரவத்தை அமுக்க இயலாதாதலின் உடல் பாரம் முழுவதையும் ஏற்றி உதைப்பவர் எஞ்சினின் தண்டை வளைத்துவிடக்கூடும். பிளக்கைக் கழற்றி, அதன் கம்பியைத் துவாரத்துக்கு எட்டாத தூரத்தில் ஒதுக்கி, சாவி மூடிய நிலையில் மெதுவாகக் கோலை அழுத்திப் பெற்றோலை வெளியேற்றுக. துவாரத்துக்கு நேரே முகத்தை வைத்துக் குனிதலாகாது.

நிறுத்தும் ஒவ்வொரு வேளையும் திறப்பை மூடும் வழக்கம் முற்காலத்தில் எல்லாரிடமும் இருந்தது, இப்பொழுது அருகிவிட்டது. அவ்வழக்கம் உள்ள வீட்டில் ஊசி பழுதானாலும் கிண்ணத்திலுள்ள சிறிதளவு பெற்றோலைத் தவிர வேறெதுவும் வெளிவராது.

2022 ஆம் ஆண்டின் எரிபொருள் தட்டுப்பாட்டின்போது, ஆடி மாதத்திற் கியூ.ஆர். அட்டை முறை தொடங்கிப் பங்கீடு நடைபெற்றது. கிடைத்தபோது வாங்கிக் கலன்களிற் சேமித்து வைத்த பெற்றோலைப் பல மாதங்களின் பின் பயன்படுத்தியோர் உளர். பெற்றோல் இரண்டு மூன்று மாதங்களுக்கு மேல் தேங்கி நின்றால் அதிலே பிசின் போன்ற படிவு உண்டாகி ஊசியை இருக்கையோடு ஒட்டிவிடும், அல்லது அமரவிடாது தடுக்கும். நீண்டநாள் ஓடாதிருந்த வண்டி திடீரெனக் கசிவதற்கு இதுவே பெரும்பாலும் காரணம். வண்டியை ஒரு மாதத்துக்கு மேல் நிறுத்தி வைப்பதாயின், திறப்பை மூடி எஞ்சினை ஓடவிட்டுக் கிண்ணம் வற்றித் தானே நிற்கும்வரை விடுக.

நீரிறைக்கும் இயந்திரங்கள்

மேற்கூறியவை யாவும் மண்ணெண்ணெய் நீரிறைக்கும் இயந்திரங்களின் காபுரேற்றருக்கும் பொருந்தும். ஐப்பசி, கார்த்திகை மழையில் கொட்டிலில் ஓய்ந்திருந்த இயந்திரம் தை, மாசியில் முதன்முதல் இயக்கப்படும்போது கசிவது இதனாலேயே. 2022 ஆம் ஆண்டு ஆவணி மாதத்தில் மண்ணெண்ணெயின் விலை லீற்றருக்கு 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்கு உயர்ந்தபோது, கிணற்றடியிற் சொட்டுஞ் சொட்டின் பெறுமதி பலருக்குத் தெரிந்தது.

ஆயினும் கிணற்றடியிற் கசிவு விலையோடு முடிவதன்று. குடாநாட்டின் அடித்தளம் சுண்ணக்கற் பாறை. அதன் வெடிப்புகளூடாக மேலே சிந்தியது விரைவில் நீரைச் சென்றடையும். அந்நீரையே குடித்தும் வருகின்றனர். சுன்னாகத்தில் மின்நிலையத்துக்கு அண்மையிலுள்ள கிணறுகளில் எண்ணெய் கலந்தமை தொடர்பான வழக்கில் 2019 ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதம் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்து, பாதிக்கப்பட்ட மக்களுக்கு 2 கோடி ரூபாய் நட்டஈடு வழங்கக் கட்டளையிட்டது. அதனோடு ஒப்பிடின் ஒரு கமக்காரரின் இயந்திரத்திலிருந்து வடிவது அற்பமே. எனினும் அது விழுவது அவருடைய சொந்தக் கிணற்றில். இயந்திரத்தைக் கிணற்றுக் கட்டின்மேல் வைக்காது சற்று அப்பால் வைத்து, அதன் கீழ் ஒரு தகரத் தட்டில் மரத்தூளோ மணலோ பரப்பிவிடுக. நனைந்த மணலைப் பாத்தியிற் கொட்டலாகாது.

மண்ணெண்ணெயைக் கலனிலிருந்து வாயால் உறிஞ்சி இறக்குவதும் கைவிடத்தக்கது. சிறிதளவு மண்ணெண்ணெய் மூச்சுக்குழலில் இறங்கினாலும் நுரையீரல் அழற்சியுற்று உயிராபத்து நேரலாம். தவறி விழுங்கியவரை வாந்தியெடுக்கச் செய்யாமல் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுதல் வேண்டும். சோடாப் போத்தலில் மண்ணெண்ணெயை ஊற்றி வைப்பதால் சிறுவர் அதனைக் குடிக்க நேர்வதையும் இவ்விடத்தில் நினைவூட்டல் தகும்.

பெற்றோலில் தொடங்கி மண்ணெண்ணெயில் ஓடும் இயந்திரங்களில் இரு சிறு தாங்கிகளுக்கும் பொதுவாக ஒரே திறப்பு அமைந்திருக்கும். அத்திறப்பின் உட்பகுதி தேய்ந்துவிடின் வெளியே ஒரு துளியும் வராமலே மண்ணெண்ணெய் பெற்றோலோடு கலந்துகொண்டிருக்கும். காலையில் எத்தனை முறை கயிற்றை இழுத்தும் இயந்திரம் பற்றாது. சோக்கையும் பிளக்கையும் குறைகூறிக் காலங் கழியும். இதனை அறிய எளிய வழி உண்டு. கிண்ணத்தின் வடிகாலைச் சற்றுத் திறந்து இரண்டு துளியைக் காகிதத்தில் விட்டு நிழலிற் காயவிடுக. பெற்றோல் சில நிமிடங்களிற் சுவடின்றிப் போய்விடும். மண்ணெண்ணெய் கலந்திருப்பின் நெடுநேரம் எண்ணெய்த் தடமாகவே நிற்கும். தடம் நின்றாற் கிண்ணத்தை வடித்துப் புதிய பெற்றோல் விட்டு இயக்குக. அன்றைய நீர்ப்பாசனம் முடிந்தபின் திறப்பின் வாசரை மாற்றலாம்.